ஒலி தடம் மாறும் வேளை

யாழ்ப்பாணத்துப் படமாளிகைகளைப் பற்றிப் பேச்செழும்போது நடிகர்களின் பெயர்களும், பாடல்களும், நுழைவுச்சீட்டுக்காக முண்டியடித்த கூட்டமுமே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. வெலிங்டன், வின்சர், ரீகல், ராஜா, ராணி, மனோகரா, லிடோ, ஸ்ரீதர் என்று பெயர்களை அடுக்கிச் சொல்லும் முதியோர் இன்றும் நம்மிடையே உளர். ஆயினும், அம்மாளிகைகள் ஒவ்வொன்றிலும் பார்வையாளரின் தலைக்குப் பின்னால், சுவரில் வெட்டிய சிறு துவாரங்களுக்கு அப்பால் இருந்த அறையைப் பற்றி எண்ணுவோர் சிலரே. ஒப்பரேட்டர் அறை என்று நாம் வழங்கிய அவ்விடத்தின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலி ஒரு தடத்தைவிட்டு மற்றொரு தடத்துக்கு மாறும் வேளை ஒன்று உண்டு. அம்மாற்றம் எவ்வாறு அமைந்தது, அது பிழைத்தபோது பழுதை எவ்வாறு தேடினர், அதிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது என்பனவே இப்பேச்சின் பொருள்.

முதலில் பேசும்படத்தின் பிறப்பைச் சற்று நோக்குவோம். 1927ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'தி ஜாஸ் சிங்கர்' என்னும் படத்தில் ஒலி படச்சுருளில் இருக்கவில்லை. 16 அங்குல விட்டமுள்ள இசைத்தட்டொன்று புரொஜெக்டருடன் இணைந்து சுழன்றது. ஒரு தட்டு ஒரு சுருளுக்குரிய, ஏறக்குறைய 11 நிமிட ஒலியைக் கொண்டிருந்தது. ஊசி ஒரு கோட்டைத் தாண்டிப் பாய்ந்துவிட்டாலோ, நடிகர் வாய்மூடிய பின் அவர் குரல் கேட்கும். சுருள் அறுந்துபோனால் வெட்டி ஒட்டுவதும் எளிதன்று. இழந்த படச்சட்டங்கள் எத்தனையோ அத்தனை கறுப்புச் சட்டங்களை இடையில் சேர்த்தாலன்றித் தட்டும் படமும் மீண்டும் இணையா.

இத்தொல்லைக்கு மாற்றாக வந்ததே ஒளித்தடம். படச்சட்டங்களின் அருகே, துளை வரிசைக்கு உட்புறமாக, ஒலியின் அலைவடிவத்தை ஒரு மெல்லிய கோடாகப் பதித்தனர். புரொஜெக்டரிலுள்ள சிறு விளக்கின் ஒளி ஓர் ஊசிக்கீறல் போன்ற இடைவெளி வழியே அக்கோட்டின்மீது விழும். கோட்டின் அகலம் கூடிக்குறைய, ஊடே செல்லும் ஒளியும் கூடிக்குறையும். அதனை ஒளிமின்கலம் மின்னோட்டமாக மாற்ற, அம்பிளிபயர் பெருக்க, திரைக்குப் பின்னால் நிற்கும் ஒலிபெருக்கி பேசும். தமிழின் முதற் பேசும்படமாகக் கொள்ளப்படும் 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் திரையிடப்பட்டபோது உலகம் இசைத்தட்டைக் கைவிட்டு ஒளித்தடத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. அதன்பின் எண்பது ஆண்டுகாலம், தமிழ்ப்படம் கண்ட ஊரிலெல்லாம், அந்த ஒற்றைக் கோடே நம் முன்னோர் கேட்ட வசனத்தையும் பாட்டையும் சுமந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கூறவேண்டும். ஒரு படச்சட்டத்துக்குரிய ஒலி அச்சட்டத்தின் அருகிலேயே பதிக்கப்படுவதன்று. படம் ஒளிவாயிலில் ஒவ்வொரு சட்டமாக நின்று நின்று செல்லவேண்டும். ஒலியோ தடையின்றி ஒரே சீராக ஓடவேண்டும். ஆகையால் ஒலியை வாசிக்கும் இடம் ஒளிவாயிலுக்குக் கீழே அமைந்தது. ஒலித்தடமும் படத்துக்கு ஏறக்குறைய 20 சட்டங்கள் முன்னதாகவே பதிக்கப்பட்டது. செக்கனுக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில் இது ஒரு செக்கனுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளி. அறுந்த சுருளை ஒப்பரேட்டர் வெட்டி ஒட்டும்போது படம் ஓரிடத்திலும் சொல் வேறோரிடத்திலும் குறைந்துபோவது இதனாலேயே. பழைய பிரதிகளில் பாட்டின் நடுவே ஓர் எழுத்து விழுங்கப்பட்டதைக் கேட்டவர்கள், அதன் காரணத்தை இப்போது உணர்வர்.

ஒலி மாற்றம் என்னும் தொல்லை அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. 2,000 அடிச் சுருள் ஒன்று ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும். மூன்று மணிநேரத் தமிழ்ப்படத்துக்கு இத்தகைய சுருள்கள் எட்டு வேண்டும். ஆகவே அறையில் இரண்டு புரொஜெக்டர்கள் நின்றன. ஒன்றில் சுருள் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். ஒப்பரேட்டர் மற்றக் கருவியின் மோட்டாரை ஓடவிடுவார். சில செக்கன்களில் இரண்டாவது புள்ளி தோன்றும். அக்கணமே ஒளியையும் ஒலியையும் ஒருங்கே மாற்றிவிடுவார். கை சற்றுத் தாமதித்தால் திரை வெளுக்கும், கொட்டகை விசிலடிக்கும். இரு கருவிகளின் விளக்குகளும் ஒரே பிரகாசத்தில் இராவிட்டால், மாற்றியவுடன் குரல் திடீரெனத் தாழும் அல்லது உயரும். அதைச் சமன்செய்ய ஒப்பரேட்டர் ஒரு கையைச் சத்தம் கூட்டும் திருகின்மீதே வைத்திருப்பார். மாற்றம் நடந்ததைப் பார்வையாளர் அறியாதிருப்பதே அத்தொழிலின் தேர்ச்சி எனக் கருதப்பட்டது.

இருவகை ஒலித்தடங்கள் ஒரே படத்தில் குடியேறிய வரலாறு 1950களுக்குரியது. 1953ஆம் ஆண்டில் 'தி ரோப்' என்னும் ஆங்கிலப்படம் சினிமாஸ்கோப் முறையில் வந்தபோது அதன் ஒலி நான்கு காந்தத் தடங்களில் இருந்தது. ஒலி நயமாக இருந்தபோதிலும், காந்தத் தடத்தை வாசிக்கும் கருவியை எல்லா மாளிகைகளும் வாங்க இயலவில்லை. ஆகவே சில ஆண்டுகளில் காந்தத் தடங்களையும் பழைய ஒளித்தடத்தையும் ஒருங்கே தாங்கிய பிரதிகள் வெளிவரலாயின. வசதியுள்ளவன் புதியதைக் கேட்கலாம், வசதியற்றவன் பழையதைக் கேட்கலாம். புதிய தடத்துக்குப் பக்கத்தில் பழைய தடத்தையும் அழியாது வைத்திருக்கும் இவ்வழக்கம் அன்று தோன்றியது. அதனை நாம் துணைத்தடம் என்று அழைப்போம்.

நாற்பது ஆண்டுகளின்பின் இலக்கமுறை ஒலி, அஃதாவது டிஜிட்டல் ஒலி, வந்தபோதும் அவ்வழக்கமே காத்தது. 1992ஆம் ஆண்டில் 'பாட்மன் ரிட்டர்ன்ஸ்' என்னும் படத்துடன் டால்பி நிறுவனத்தின் டிஜிட்டல் முறை பரவலாக அறிமுகமாயிற்று. அம்முறையில், படச்சுருளின் துளைகளுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தில், கண்ணுக்குப் பொடிப்பொடியாகத் தோன்றும் புள்ளிக்கட்டங்களாக ஒலி பதிக்கப்பட்டது. ஒரு சட்டத்துக்கு நான்கு கட்டங்கள். ஒரு செக்கனுக்கு 96 கட்டங்கள். 1993ஆம் ஆண்டில் 'ஜுராசிக் பார்க்' படத்துடன் வந்த டி.டி.எஸ். முறையோ, ஒருவகையில் 1927இன் இசைத்தட்டை மீண்டும் அழைத்துவந்தது. ஒலி தனித் தட்டில் இருந்தது. படச்சுருளில் நேரக்குறி மட்டும் புள்ளியும் கோடுமாக ஒரு மெல்லிய வரியாய் ஓடிற்று. அந்நேரக்குறியை வாசித்தே தட்டுக் கருவி படத்தோடு ஒட்டி நடந்தது; ஆதலால் ஊசி பாயும் பழைய தொல்லை எழவில்லை. தமிழ்ப்படவுலகிலும் 1990களின் நடுப்பகுதியில் இவ்வகை ஒலிமுறைகள் புகுந்தன.

இவ்விரு முறைகளிலும் பழைய ஒளித்தடம் அகற்றப்படவில்லை. துளைகளின் ஓரத்தில் தூசு படிந்து கட்டங்கள் வாசிக்கப்படாமற் போனால், கருவி தானாகவே ஒளித்தடத்துக்கு இறங்கிவிடும். டி.டி.எஸ். முறையில் நேரக்குறி அறுந்தால், நினைவகத்திற் சேர்ந்திருக்கும் ஒலியைக்கொண்டு கருவி சில செக்கன்கள் சமாளிக்கும். அதற்குள் குறி மீளாவிடின் அதுவும் ஒளித்தடத்துக்கே திரும்பும். குறி மீண்டதும் மறுபடி மேலேறும். இங்ஙனம் ஒலி மேலேறுவதும் கீழிறங்குவதுமாகப் படம் முழுவதும் ஊசலாடுவதே, இலக்கமுறை ஒலியின் காலத்தில் இயந்திர அறைகளை வாட்டிய பெரும் பழுதாகும். பக்கச் சுவர்களில் ஒலித்த மழை திடீரென முன்திரையில் மட்டும் பெய்யும். முழக்கத்தின் அடித்தொனி மெலியும். சிறிது நேரத்தில் எல்லாம் மீளும்.

இப்பழுதைத் தேடும் முறை ஒரு நல்ல தருக்கப்பாடம் எனலாம். முதல் வினா: பழுது பிரதியில் உள்ளதா, கருவியில் உள்ளதா? ஒரு படத்தில் மட்டும் ஒலி ஊசலாடி, அடுத்த படம் செவ்வனே ஓடினால் குற்றம் பிரதியுடையது. எந்தப் படம் வந்தாலும் ஊசலாடினால் குற்றம் வாசிக்கும் கருவியுடையது. இரண்டாவது வினா: எவ்வேளையில்? ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் நிகழ்ந்தால், கைபட்டுத் தேய்ந்த பகுதிகளே காரணம். சுருள் முழுவதும் ஒரே அளவில் நிகழ்ந்தால், வாசிக்கும் வில்லை நேராக இல்லை, அல்லது அதன் விளக்கு வயதாகி மங்கிவிட்டது. மூன்றாவது வினாவே மிகவும் பயனுடையது. ஒப்பரேட்டர் தாமே விசையை அழுத்தி ஒளித்தடத்துக்கு மாறிக் கேட்கவேண்டும். இரைச்சல் இரண்டு தடங்களிலும் கேட்கிறதா, ஒன்றில் மட்டுமா?

இதனை நமக்குத் தெரிந்த ஓர் உவமையால் விளக்கலாம். பலாலி வீதியால் வரும் பேருந்தும் பருத்தித்துறை வீதியால் வரும் பேருந்தும் ஒரே நாளில் ஒரே அளவு தாமதித்துப் பஸ் நிலையம் வந்து சேர்ந்தால், இரண்டு வீதிகளும் ஒருங்கே கெட்டுவிட்டன என்று எவரும் கொள்ளார். அவை ஒன்றுசேர்ந்த இடத்துக்கு இப்பால் ஏதோ தடையுண்டு என்றே எண்ணுவர். ஒன்று மட்டும் தாமதித்தால் தடை அதன் வீதியிலேயே உள்ளது. அவ்வாறே, ஒலித்தடங்கள் சேரும் சந்திக்கு அப்பாலுள்ள பழுது ஒரு தடத்தில் மட்டும் கேட்கும். சந்திக்கு இப்பால், அம்பிளிபயரிலோ ஒலிபெருக்கியிலோ உள்ள பழுது எந்தத் தடத்துக்கு மாறினாலும் கேட்கும். இந்த ஒரு வினா அரைநாள் வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும்.

டால்பி கருவியின் முகப்பில் ஒரு சிறு எண்ணும் தெரிந்துகொண்டிருக்கும். கட்டங்களை வாசிப்பதில் நேரும் பிழையின் அளவு அது. எண் சிறிதாயின் நலம். எட்டை நெருங்கினால் கருவி தத்தளிக்கிறது. தோல்விக் குறி தோன்றினால் ஒலி ஒளித்தடத்துக்கு இறங்கிவிட்டது என்பது பொருள். இவ்வெண்ணை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், நான்கு ஐந்தாகி, ஐந்து ஆறாகும்போதே தூசு துடைக்கவும் விளக்கு மாற்றவும் காலம் வந்துவிட்டதென்று அறியலாம்.

நேயர்களே, என் பேச்சின் மையக்கருத்து இவ்விடத்தில்தான் உள்ளது. துணைத்தடம் படத்தைக் காக்கிறது. அதேவேளை பழுதையும் மறைக்கிறது. ஒலி முற்றாக நின்றுபோனால் கொட்டகை கூச்சலிடும், முதலாளி ஓடிவருவார், பழுது அன்றே திருத்தப்படும். ஒலி ஒளித்தடத்துக்கு மெல்ல இறங்கினால் ஒருவரும் முறையிடார். எட்டில் நின்ற எண் வாரக்கணக்கில் எட்டிலேயே நிற்கும். இலக்கமுறை ஒலி என்று விளம்பரப் பலகையில் எழுதியிருக்க, உள்ளே படம் முழுவதும் பழைய தடத்திலேயே ஓடும். முடிவில் ஒருநாள் ஒளித்தடத்தின் விளக்கும் எரிந்துபோகும்போது, இரண்டும் கெட்டு நிற்பதை அறை உணரும். தாங்கிப் பிடிக்கும் ஒன்று இருக்கின்றதென்னும் நிம்மதியே, தாங்கப்படுவது எத்துணைக் கெட்டுள்ளதென்பதைக் காணவொட்டாமற் செய்துவிடுகிறது.

இவ்வுண்மையை யாழ்ப்பாணக் குடாநாட்டினர்க்கு எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. மேற்கூறிய ஒலிமுறைகள் உலகெங்கும் பரவிய ஆண்டுகள் நம் நிலத்திற் போரின் ஆண்டுகளாயின. 1990ஆம் ஆண்டில் குடாநாட்டுக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் அறுந்தது. மின்கலங்களும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதித்துச் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னைக்கொண்டு வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனை! மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கப்பட்ட இயந்திரங்கள் எத்தனை! பெரிய படமாளிகைகள் இருளில் நிற்க, மின்பிறப்பாக்கி ஒன்றைச் சுற்றிக் கூடி ஒளிநாடாவிற் படம் பார்த்தோம். அவை யாவும் நம் துணைத்தடங்கள். அவற்றால் வாழ்க்கை நிற்காது ஓடிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் திறமையைப் புகழ்ந்து நின்றோமே தவிர, முதன்மைத் தடத்தில் இழந்தவற்றை, பள்ளிகளில், நூலகங்களில், தொழிற்கூடங்களில் இழந்தவற்றை, ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவைத்தோமா என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

போர் 2009ஆம் ஆண்டில் முடிந்து, குடாநாடு தேசிய மின்வலையுடன் மீள இணைந்து, படமாளிகைகளிற் சில மறுபடி விளக்கேற்றிய காலத்தில், உலகத் திரைப்படத்துறை படச்சுருளையே கைவிட்டுக்கொண்டிருந்தது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் வகுத்த இலக்கமுறைத் திரையிடல் நெறிகளைத் தழுவி, 2010களின் முற்பகுதியில் தமிழ்ப்படங்களும் கணினிக் கோப்புகளாக வரலாயின. ஒலி, படத்தோடு ஒரே பெட்டியில், செக்கனுக்கு 48,000 மாதிரிகள் என்னும் அளவில் சுருக்கப்படாது வந்து சேர்கிறது. கீறல் இல்லை, தூசு இல்லை, அறுந்த சுருள் இல்லை. ஆனால் இம்முறையில் துணைத்தடமும் இல்லை. ஒலி வந்தால் முழுமையாக வரும். வராவிட்டால் இறங்கிச் செல்லப் படி ஒன்றும் கிடையாது.

இன்றைய இயந்திர அறையில் தடம் மாறுதல் வேறு வடிவம் எடுத்துள்ளது. ஒலிக்கருவிக்குள் பல வாயில்கள் உள்ளன. படத்துக்கு ஒன்று, இடைவேளைப் பாட்டுக்கு ஒன்று, வேறு கணினியிலிருந்து வரும் விளம்பரத்துக்கு ஒன்று. படம் தொடங்கும் கணத்தில் கோப்புப் பெட்டி ஒலிக்கருவிக்கு ஒரு கட்டளை அனுப்பவேண்டும். இணைப்புக் கம்பி கழன்றிருந்தாலோ, கட்டளை நிரலில் எழுதப்படாமல் விடுபட்டிருந்தாலோ, திரையில் கதை ஓடும். கொட்டகையிலோ இடைவேளைப் பாட்டே தொடர்ந்து கேட்கும், அல்லது மௌனம் நிலவும். எட்டுத் தடத்துக்கென அமைத்த படத்தை ஆறு தடத்துக்கான அமைப்பில் ஓட்டினால் பின்சுவரின் ஒலிகள் தொலைந்துபோகவும் கூடும். இவற்றைத் தீர்ப்பதற்கும் அதே சந்தி வினாவே வழிகாட்டுகிறது. இடைவேளைப் பாட்டு நன்கு கேட்டதெனில், அம்பிளிபயரும் ஒலிபெருக்கியும் நலமே. பழுது சந்திக்கு அப்பால், படத்தின் வாயிலில் இருக்கிறது. ஒலிக்கருவியின் முகப்பில் எந்த வாயில் தெரிவாகியுள்ளதென்று நோக்கி, கையால் படத்தின் வாயிலுக்கு மாற்றிவிட்டால் அரைநிமிடத்தில் கதை பேசத் தொடங்கும். கருவி மாறியும் வினா மாறவில்லை.

மின்தடை இன்னொரு சோதனை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறவோம். பழைய புரொஜெக்டர் மின்சாரம் மீண்டதும் சில கணத்திற் சுழன்றது. இன்றைய கோப்புப் பெட்டியோ விழித்தெழவும், தன் கோப்புகளைச் சரிபார்க்கவும் பல நிமிடம் கேட்கும். அதனால் மின்சேமிப்புக் கருவியும், கையால் ஒலியை மாற்றத் தெரிந்த ஒருவரும் இன்று முன்னிலும் அவசியமாகின்றனர். துணைத்தடம் சுருளிலிருந்து மறைந்தபோது, அதன் கடமை மனிதனின் தோளில் ஏறியிருக்கிறது.

ஆனால் அம்மனிதரைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். இரு புரொஜெக்டர்களுக்கிடையே நின்று, புள்ளி மின்னும் கணத்தைக் கண் இமையாது காத்திருந்து, காதால் பழுதை இனங்கண்ட ஒப்பரேட்டர்கள் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் அறிவு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. பொறியியற் கல்லூரியில் அவர்கள் பயின்றாரல்லர்; முன்னிருந்தவரின் அருகே நின்று பயின்றனர். ஒளிவிளக்கின் நிறம் மாறுவதைக்கொண்டே மின்னழுத்தம் தாழ்வதை அறிந்தவர்களும், சுருளை விரலால் தடவியே ஒட்டுகளை எண்ணியவர்களும் அவர்களே. வரலாறு என்றால் அரசரும் ஆட்சியும் மட்டுமே என்று மாணவர்க்குப் பழக்கிவிட்ட நாம், தம் ஊர்க் கொட்டகையில் ஐம்பது ஆண்டுகள் நிகழ்ந்த ஒரு தொழிலின் வரலாற்றை அவர்கள் கேட்டறிய வழிசெய்யவில்லை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் எளியது. உங்கள் ஊரில் இயந்திர அறையில் வேலைசெய்த முதியவர் ஒருவர் இருப்பின், மாணவர் இருவரைக் குறிப்பேட்டுடன் அவரிடம் அனுப்புங்கள். எந்த ஆண்டில் எந்தக் கருவி வந்தது, எது அடிக்கடி பழுதுபட்டது, பழுதை எவ்வாறு கண்டார், உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் எதைக்கொண்டு சமாளித்தார், அச்சமாளிப்பால் எது கெட்டது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். இறுதி வினாவை மறவாதீர்கள். அதற்குரிய விடையே நமக்கு அதிகம் பயன்படும். பாடசாலை நூலகத்தில் அக்குறிப்பேட்டுக்கு ஓரிடம் கொடுங்கள். அடுத்த தலைமுறையின் இயந்திர அறையில் ஒலி நின்றுபோகும் நாளில், எடுத்துப் பார்க்க ஓர் ஏடாவது அவர்களிடம் இருக்கட்டும்.